அலாய் வீலில் உப்புக் கறை: பாலிஷா, வாக்ஸா, கோட்டிங்கா?

என் மச்சினன் சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறான். போன தை மாதம் பழைய சிட்டி கார் ஒன்று வாங்கினான். காரைப் பார்த்து வாங்கினானா, சக்கரத்தைப் பார்த்து வாங்கினானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். முன்பு வைத்திருந்தவர் நான்கு அலாய் வீலிலும் பெயின்ட்டைச் சுத்தமாக உரித்து, பஃப் அடித்து, வெறும் அலுமினியத்தைக் கண்ணாடியாக்கி வைத்திருந்தார். குனிந்து பார்த்தால் மீசையைச் சரிசெய்து கொள்ளலாம். மூன்றே வாரம்தான். மீசையும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், வளையம் வளையமாகக் கோடுகள், போல்ட் குழிகளைச் சுற்றிச் சுண்ணாம்பு அப்பின மாதிரி ஒரு படலம்.

"மாமா, கழுவக் கழுவத்தான் அழுக்காகுது" என்றான். நூற்றுக்கு நூறு உண்மை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து மணி வெயிலில், போர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவி, அப்படியே காயவிட்டிருக்கிறான்.

கார் சாமான் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் நான்கு கடைகளில் கேட்டோம். ஒருவர் மெட்டல் பாலிஷ் ட்யூபை எடுத்து வைத்தார். அடுத்தவர் வாக்ஸ் போதும் என்றார். மூன்றாமவர் செராமிக் கோட்டிங் அடித்துவிட்டால் டென்ஷனே இல்லை என்றார். நான்காமவர் சொன்னது நிறமற்ற வார்னிஷ் மாதிரியான பூச்சு: "பேசாம லேக்கர் அடிச்சிடுங்க சார்." நால்வருக்கும் தொழில் தெரியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் என்ன தண்ணீர், கழுவினபின் யார் துடைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த நான்கில் எது சரி என்பது அந்த இரண்டு கேள்விகளுக்கான பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது என்பது எங்களுக்கே ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

முதலில் தண்ணீர்

போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு எங்கே போகும்? குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. மச்சினன் வீட்டுப் போர் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கினோம். 1500-ஐ ஒட்டி நின்றது. ஒரு லிட்டர் காய்ந்தால் ஒன்றரை கிராம் உப்பு மிச்சம். ஒரு சக்கரத்தில் அரை டம்ளர் தண்ணீர் தங்கிக் காய்ந்தாலே, உப்பைச் சிறு சிட்டிகை எடுத்துத் தூவின கணக்கு. வாராவாரம் தூவினால்?

காபி டபராவைத் தூக்கினால் மேசையில் வட்டம் இருக்கும் இல்லையா, நடுவில் ஒன்றும் இருக்காது, ஓரம் மட்டும் அடர்த்தியாக இருக்கும். சொட்டின் ஓரம் முதலில் காய்கிறது. காயும் ஓரத்தை நோக்கித் தண்ணீர் உள்ளிருந்து ஓடுகிறது. ஓடும்போது கரைந்ததையும் கலந்ததையும் ஓரத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சக்கரத்தில் தெரியும் வளையமும் அதே சங்கதிதான்.

சென்னையில் ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரும் ஒவ்வொரு ரகம். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது பழைய கதை. நான் இருக்கும் திருவான்மியூரில் போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது. குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ வாட்டர் எவ்வளவோ தேவலை. தென்சென்னைக்கு நெம்மேலி ஆலையிலிருந்து கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீரும் வருகிறது. 2013-ல் தினம் 10 கோடி லிட்டர் என்று தொடங்கி, 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலையும் சேர்ந்தது. ஆனால் குடிக்கிற தண்ணீரைப் பிடித்துச் சக்கரம் கழுவ எந்த வீட்டம்மா சம்மதிப்பார்?

அதனால்தான் பலர், வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில், ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைக் கார் கழுவ எடுக்கிறார்கள். தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற அது சரி. காருக்கு அதைவிட மோசமான தண்ணீர் வீட்டில் வேறு கிடையாது. மெஷின் வடிகட்டித் தள்ளின உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

போர் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு இரவு வைத்தால் அடியில் செம்மண் நிறத்தில் படிகிறதா? அப்படியானால் இரும்பும் இருக்கிறது. வெள்ளைப் புள்ளியோடு பழுப்புக் கறையும் சேரும்.

உங்கள் வீல் எந்த ஜாதி?

கம்பெனியிலிருந்து வரும் அலாய் வீலில் பெரும்பாலும் நீங்கள் தொடுவது அலுமினியத்தையே அல்ல. பெயின்ட்டும் அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட்டும்தான் வெளியே இருக்கும். இப்போது பரவலாக வரும் 'டைமண்ட் கட்' வீலில் முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கி, அதன்மேல் கிளியர் கோட் அடித்திருப்பார்கள். என் கார் அந்த ரகம். மச்சினனுடையது வெறும் உலோகம்.

சந்தேகம் இருந்தால் பழைய வெள்ளைப் பனியன் துணியில் பட்டாணி அளவு மெட்டல் பாலிஷ் எடுத்து, சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் நான்கு தேய்ப்புத் தேயுங்கள். துணி கரிபிடித்த மாதிரி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்கவில்லையென்றால் மேலே கோட்டிங் இருக்கிறது. ட்யூபை மூடி வைத்துவிடுங்கள். கிளியர் கோட்டின்மேல் மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அது மங்கும், மெலியும், ஒரு நாள் உரியும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் காசைக் கரியாக்கினவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

கறையை எடுப்பது

எதைப் பூசுவது என்று முடிவெடுப்பதற்கு முன், இருக்கும் கறை போக வேண்டும். கறைமேல் வாக்ஸ் போட்டால் கறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும்.

சுண்ணாம்புக் கறை அமிலத்துக்கு அசையும். வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்தோ, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்தோ துணியை நனைத்துக் கறைமேல் ஒத்தி வைக்கலாம். வெறும் அலுமினியமானால் இரண்டு நிமிடம் போதும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். வண்டி ஓட்டி வந்த சூட்டோடு செய்யக் கூடாது, வெயிலில் வைத்தும் செய்யக் கூடாது.

இதில் நம் அடுக்களைக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அலுமினிய இட்லிக் குண்டானில் உப்புத் தண்ணீர் ஊற்றி அவித்தால் உள்பக்கம் கறுத்துப்போகும். ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டால் கறுக்காது. அலுமினியத்தின்மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. அதுதான் அதற்குக் கவசம். கார நீரில் அந்தக் கவசம் கெடும், லேசான புளிப்பில் தாக்குப்பிடிக்கும். ஆனால் கடுமையான அமிலமும் அதைக் கரைத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பவுடர், சோடா உப்பு, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் கார லோஷன் ஆகியவை ஒரு பக்கம் ஆபத்து என்றால், ஆசிட் மறுபக்கம்.

சில வருடங்களுக்கு முன் என் பழைய காரை ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டிருந்தேன். பையன் ஒரு பாட்டிலிலிருந்து எதையோ சக்கரத்தில் பீய்ச்சினான். புஸ்ஸென்று நுரைத்தது, ஐந்து நொடியில் பிரேக் கறுப்பெல்லாம் வழிந்து ஓடியது. அடடா என்று அவன் கையில் டிப்ஸ்கூட வைத்தேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால், கல் பட்டுக் கோட்டிங் போயிருந்த இடங்களிலெல்லாம் உலோகம் சாம்பல் நிறத்தில் பூத்துக் கிடந்தது. கழிப்பறை ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடித்திருக்கிறார்கள். அந்தத் திட்டுகள் பாலிஷுக்கும் போகவில்லை. சில வீல் கிளீனர்களில் ஃப்ளோரைடு சேர்ந்த அமிலமும் உண்டு. அது தோலில் பட்டால் உடனே எரியாது, உள்ளே ஊடுருவிய பிறகுதான் தெரியும். லேபிளில் ஃப்ளோரைடு என்று கண்டால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடையில் விடும்போதும் "வீலுக்கு ஆசிட் வேண்டாம், ஷாம்பு மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்கிறார்கள்.

வினிகருக்கும் போகாத புள்ளிகள் சில இருக்கும். ஒன்று, தண்ணீரில் இருந்த சிலிக்கா படிந்திருக்கும். அது புளிப்புக்கு மசியாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் உப்பு உலோகத்தையே அரித்துக் குழி பண்ணியிருக்கும். நகத்தால் நெருடிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் படிவு. பள்ளமாகத் தெரிந்தால் அரிப்பு. பள்ளத்துக்கு மருந்து உப்புத்தாள்தான்: 800, 1500, 2000 என்று நம்பர் ஏற ஏற நைஸாகும் தாளைத் தண்ணீர் தொட்டு மாற்றிக்கொண்டே போய், கடைசியில் பாலிஷ். ஒரு வீலுக்கு ஒரு முழு மாலை போகும். இடுப்பும் போகும்.

வெறும் அலுமினியத்துக்கு என்னென்ன வழி?

வெறும் பாலிஷ் மட்டும் போட்டு விடுவது முதல் வழி. செலவு சில நூறு ரூபாய், ஒரு ட்யூப் பல மாதம் வரும். பஞ்சுத் துணியில் கொஞ்சமாக எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். முதலில் துணி கறுக்கும், அப்புறம் பேஸ்ட் காய்ந்து துணி லேசாக வழுக்கத் தொடங்கும், அந்த நேரத்தில் சுத்தமான துணியை மாற்றித் துடைத்தால் உள்ளேயிருந்து ஒளி எழும்பி வரும். அந்த ஒரு நொடிக்காகவே இதைச் செய்யலாம் என்பேன். ஆனால் சென்னையில் அந்த ஒளிக்கு ஆயுள் குறைவு. மடிப்பாக்கத்தில் மூன்று வாரம் தாங்கினது, திருவான்மியூர்க் கடற்காற்றில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்துக்குப் பரம எதிரி. கவசப் படலத்தில் ஊசி முனையளவு ஓட்டை போட்டு உள்ளே போய்விடும். அதனால் பாலிஷ் போட்டு நிறுத்துவது, வீட்டைப் பெருக்கிவிட்டு வாசலைத் திறந்து வைப்பது மாதிரி.

மேலே மெழுகு பூசினால்? கார்னௌபா வாக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. பூசத் திருப்தியாக இருக்கும், ஒளியில் ஓர் ஆழம் தெரியும். அது உருகுவது 82 முதல் 86 டிகிரியில். வேளச்சேரி மெயின் ரோட்டில் மாலை நேரத்தில் பத்தடிக்கு ஒரு பிரேக் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிஸ்க் எவ்வளவு கொதிக்கும் என்று தெரியும். அந்தச் சூடு முழுவதும் வீலின் முகத்துக்கு வருவதில்லை. வருகிற சூட்டோடு வெயிலும் பிரேக் தூசியும் ஷாம்புவும் சேர்ந்தாலே வாக்ஸுக்குப் போதும். நாங்கள் பூசிய நான்கு வாரத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது நின்றுபோனது. பானட்டுக்கு வாக்ஸ் சரி. சக்கரத்துக்கு, அதுவும் முன் சக்கரத்துக்கு, நான் போட மாட்டேன்.

சிந்தெடிக் சீலண்ட் என்று விற்பது செயற்கைப் பாலிமர். பூசுகிற வேலை வாக்ஸ் மாதிரியேதான், பளபளப்பு ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் சூட்டுக்கும் ஷாம்புவுக்கும் வாக்ஸைவிட நன்றாக நின்று கொடுக்கிறது. இரண்டு மாதம் தைரியமாக விடலாம். முக்கியமான விஷயம்: பாலிஷ் போட்ட பிறகு அதன் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டுத்தான் சீலண்ட் பூச வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். இதைச் செய்யாமல் பூசினால் சீலண்ட் பாலிஷின் எண்ணெயின்மேல் உட்காரும், முதல் கழுவலிலேயே இரண்டும் கைகோத்துக்கொண்டு போய்விடும். டிஸ்க்கில் மட்டும் எதுவும் பட்டுவிடக் கூடாது. வாக்ஸும் சீலண்டும் அங்கே பட்டால் பிரேக் பிடிக்காது.

செராமிக் கோட்டிங்கில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பொருளைக் குறை சொல்லவில்லை, அதை விற்கிற பேச்சைத்தான் சொல்கிறேன். சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம் அது. பூசினால் கெட்டியான படலமாக இறுகி, அழுக்கை ஒட்டவிடாது, பிரேக் தூசி தண்ணீர் அடித்தாலே பெரும்பாலும் போய்விடும். அதெல்லாம் உண்மை. ஆனால் "தண்ணீர்க் கறையே வராது" என்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. கோட்டிங்கின்மேல் தண்ணீர் பரவாமல் முத்தாக உருண்டு நிற்கிறது. நிற்கிற முத்து உருண்டு விழுந்தால் நல்லது; விழாமல் அங்கேயே காய்ந்தால், பரவியிருக்க வேண்டிய உப்பு முழுவதும் ஒரே புள்ளியில் குவியும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் விடுகிறவருக்குச் செராமிக் போட்ட வீலில் புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும். எடுப்பது சுலபம், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் டைமண்ட் கட் வீலுக்குச் செராமிக் போட்டிருக்கிறேன், வருத்தமில்லை. கிளியர் கோட்டின்மேல் அது நன்றாகப் பிடிக்கிறது. வெறும் அலுமினியத்துக்கு வேண்டாம் என்பேன். உலோகத்துக்கென்றே செய்த வகைகள் இருந்தாலும், கல் பட்டு ஓர் இடத்தில் கோட்டிங் போனால் அங்கே உலோகம் மங்கத் தொடங்கும். திரும்ப ஒளி கொண்டுவர அந்த வீல் முழுவதும் கோட்டிங்கைத் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு அதைச் செய்ய மனசு வராது.

லேக்கர் ஸ்பிரே அடிக்கச் சொன்ன நான்காவது கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கேட்க இதுதான் புத்திசாலித்தனமாகப் படும்: கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, மேலே நிறமற்ற லேக்கர் அடித்து அடைத்துவிட்டால் கவலை இல்லையே? சிக்கல் அந்தக் கண்ணாடி வழவழப்பிலேயே இருக்கிறது. வழவழப்பான பரப்பில் எந்தப் பூச்சும் கெட்டியாகப் பிடிக்காது. சுவரைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்தால் உரியுமே, அதேதான். ஒரு சரளைக் கல், பஞ்சர் கடையில் ஒரு லிவர் கீறல், ஓரத்தில் முடி அளவு விரிசல் போதும். ஈரமும் உப்பும் உள்ளே இறங்கி, லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடும். மேலே என்ன தேய்த்தாலும் போகாது, கறை உள்ளே இருக்கிறது. என் டைமண்ட் கட் வீலில்கூட, நடைபாதை ஓரம் உரசிய ஒரே இடத்திலிருந்து இப்படி விரல் நீளத்துக்கு ஒரு கோடு ஓடியிருக்கிறது; அதைச் சரிசெய்ய முகப்பை மறுபடி சீவிக் கிளியர் கோட் அடிக்க வேண்டும், அதையும் சில தடவைக்கு மேல் செய்ய முடியாது, ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது. கடலோர ஊரில், பாலிஷ் போட்ட அலுமினியத்துக்கு ஸ்பிரே லேக்கர்: இந்தக் கட்டுரையில் நான் அடித்துச் சொல்கிற ஒரே 'வேண்டாம்' இதுதான்.

பவுடர் கோட்டிங்கை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களாகத் தேடிப்போனோம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் செய்கிறார்கள். டயரைக் கழற்றி, வீலை மணல் வீச்சில் சொரசொரப்பாக்கி, மின்னூட்டம் கொடுத்த பவுடரைத் தூவி, 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் அடுப்பில் வைத்து உருக்கிப் பிடிக்கவைப்பது. சொரசொரப்பில் பிடித்த பூச்சு என்பதால் லகுவில் உரியாது. சில்வர் நிறத்தில் அடித்தால் பழையபடி கம்பெனி வீல் மாதிரி ஆகிவிடும். சாதாரண ஷாம்புவில் கழுவலாம். கண்ணாடி ஒளி மட்டும் போய்விடும். ஒளியும் வேண்டும், பவுடரும் வேண்டும் என்று நிறமற்ற பவுடர் கேட்டால், லேக்கருக்குச் சொன்ன புழுக் கதை இங்கேயும் வரும், கொஞ்சம் தாமதமாக. கொடுப்பதற்கு முன் எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் வைப்பார்கள் என்று கேளுங்கள். அலாய் வீல் சூட்டுப் பதம் கொடுத்துப் பலமேற்றிய உலோகம், அளவுக்கு மீறிச் சுட்டால் பலம் குறையும். திரும்ப மாட்டும்போது வீல் பேலன்சிங் தனிச் செலவு.

ஆனோடைசிங், அதாவது மின்சாரம் செலுத்தி அந்த ஆக்சைடு கவசத்தைத் தடிமனாக்குவது, செய்யலாமா என்று மச்சினன் கேட்டான். அலாய் வீல் வார்ப்பில் சிலிக்கான் அதிகம். ஆனோடைஸ் செய்தால் ஒரு அழுக்குச் சாம்பல் நிறம்தான் வரும். விட்டுவிட்டோம்.

கடைசி வாளி

இவ்வளவையும் பூசிப் பார்த்த பிறகு, பெரிய வித்தியாசம் காட்டியது ஒரு பிளாஸ்டிக் வாளி. ஏசி அவுட்லெட் குழாயின் கீழே வைத்தது.

ஏசியில் சொட்டுவது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து ஆன தண்ணீர். அதில் உப்புக்கு வேலையே இல்லை. மீட்டரை முக்கினால் இரண்டு இலக்கம்தான் காட்டியது. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடினால் வாளி நிறையும். மெல்லிய துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ள வேண்டும், ஏசியின் தூசும் பாசியும் கொஞ்சம் வரும். வீலை வழக்கம்போல் போர் தண்ணீரிலேயே ஷாம்பு போட்டுக் கழுவலாம். அது காய்வதற்குள் ஒரு சக்கரத்துக்கு இரண்டு செம்பு ஏசி தண்ணீரை மேலிருந்து ஊற்றி அலசிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் இறங்கி, உப்பில்லாத தண்ணீர் நிற்கும். அது தானாகக் காய்ந்தாலும் கறை ஏறக்குறைய இராது.

அதன் பிறகும் துடைப்பது நல்லது. மைக்ரோஃபைபர் துணியில் வீலுக்கென்று ஒன்று தனியாக, பாடிக்கு வேறு. பிரேக் தூசி இரும்புத் துகள், அந்தத் துணி பாடியில் பட்டால் கீறும். போல்ட் குழிகளில் துணி நுழையாது. கம்ப்யூட்டரில் தூசி ஊதும் சின்ன மின் ப்ளோயர் ஒன்று இருந்தால் ஒரு வீலுக்கு அரை நிமிடம் ஊதினால் போதும். எங்கள் அடுக்ககத்தில் கார் துடைக்க வரும் அண்ணன் ஒரே வாளியில் எட்டுக் கார் துடைப்பவர். அவரிடம் "அண்ணே, வீலை மட்டும் விட்டுடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் நிம்மதி.

ஏசி இல்லாத காலத்துக்கு? ஐப்பசி, கார்த்திகையில் ஏசி ஓடாது, ஆனால் மழைத் தண்ணீர் இருக்கிறது. மொட்டை மாடியில் முதல் மழை போகட்டும், அடுத்த மழையில் டிரம் வைத்துப் பிடித்தால் அதுவும் உப்பில்லாத தண்ணீர்தான். வெள்ளம் சூழ்ந்த தெருவில் வண்டி நின்றிருந்தால் மட்டும், அது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் மாதிரி பெரியதோ, சாதாரண முழங்கால் தண்ணீரோ, வடிந்த அன்றே கழுவிவிட வேண்டும். சாக்கடை கலந்த தண்ணீர் வெறும் அலுமினியத்தின்மேல் காய்ந்தால் என்ன ஆகும் என்று வேளச்சேரியில் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் மேம்பாலத்தில் வண்டியை ஏற்றி நிறுத்துவது சும்மா இல்லை.

சரி, எதை எடுப்பது?

கம்பெனி கோட்டிங் இருக்கும் வீல் என்றால் மெட்டல் பாலிஷ் பக்கமே போகாதீர்கள். கை நிறையக் காசிருந்தால் செராமிக், இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீலண்ட். இரண்டுக்கும் கண்ணில் படும் வித்தியாசம் கொஞ்சம்தான், பையில் படும் வித்தியாசம் அதிகம்.

வெறும் அலுமினியம் என்றால் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இரண்டு மாதத்துக்கு ஒரு மாலை இதற்கென்று உட்கார முடியுமா? முடியும் என்றால் கையால் பாலிஷ், ஆல்கஹால், சீலண்ட், கடைசி அலசலுக்கு ஏசி தண்ணீர். முடியாது என்றால், கொஞ்சம் மனசு வலித்தாலும், சில்வர் பவுடர் கோட்டிங். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், திறந்த வெளியில் வண்டி நிறுத்துகிறவர் என்றால் முதல் வழியை யோசிக்கவே வேண்டாம், நேராக இரண்டாவது.

மச்சினன் முதல் வழியை எடுத்தான். முதலில் பவுடர் கோட்டிங்குக்கு அம்பத்தூர்வரை போய், விலையெல்லாம் பேசி முடித்துவிட்டு, வீலில் ஒருமுறை முகத்தைப் பார்த்தான். "வேண்டாம் மாமா" என்று திரும்பிவிட்டான். இப்போது ஆறு மாதமாக மீசை தெரிகிறது. அவன் வீட்டில் ஏசி வாளிக்குத்தான் சண்டை. அவன் அம்மா அதைத் துளசி மாடத்துக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் எடுத்து வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாளி அவனுக்கு, மற்ற நாள் வாளியெல்லாம் செடிக்கு என்று பேசி முடிவாகியிருக்கிறது. போன வாரம் நான் போனபோது ஞாயிற்றுக்கிழமை வாளியிலும் பாதிதான் இருந்தது.